4 ஜிபி ராம், விண்டோஸ் 10 பழைய லேப்டாப்: எந்த பிரவுசரை வைத்துக்கொள்வது?

திரைவிளிம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெஷின் விவரம்: இன்டெல் ஐ3-4005யு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் இருக்கின்றன.

வேலைகள்: ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், நெட்பேங்கிங், யூடியூப் பாடங்கள், தமிழ்ச் செய்தித் தளங்கள். மாதம் சில நாள் வருமான வரித் தளமும் ஜிஎஸ்டி தளமும், டிஎஸ்சி டோக்கனோடு (டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி).

ஏழெட்டு டேப் திறந்தாலே டிஸ்க் 100% காட்டி எல்லாம் உறைந்துவிடுகிறது. குரோமில் யூபிளாக் ஆரிஜின் (விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன்) அணைந்துபோய்விட்டது, திரும்பப் போட முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் எட்ஜ்தான் குறைவாக ராம் எடுப்பதுபோல் தெரிகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிவிடலாமா? ஆண்ட்ராய்ட் போனிலும் அதையே வைத்தால் வசதி.

இழைமணி எழுதியது:

மூன்று பிரவுசர் இருந்தாலும் உங்கள் மெஷினில் இருப்பது இரண்டே என்ஜின் (இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உட்பகுதி). குரோம், எட்ஜ் இரண்டும் ஒரே குரோமியம் அடித்தளம், ஒரே பிளிங்க் என்ஜின். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த என்ஜினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் இதற்கு மாறியது. ஓபரா 2013இலேயே மாறிவிட்டது. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் இதே குடும்பம்தான். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் கெக்கோ. ஆப்பிள் பக்கம் வெப்கிட்.

ஆகவே குரோமையும் எட்ஜையும் சேர்த்து வைத்திருப்பது ஒரே சாவியை இரண்டு கொத்தில் மாட்டியதுபோல. குரோமை எடுத்துவிடுங்கள். எட்ஜ் விண்டோஸோடு வந்தது, அது இருக்கட்டும். தினசரி வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸ், டிஎஸ்சி வேலைக்கும் அடம்பிடிக்கும் தளங்களுக்கும் எட்ஜ்.

அடுத்து, நீங்கள் பார்த்த ராம் கணக்கு. டாஸ்க் மேனேஜர் முதல் பக்கத்தில் காட்டுவது அந்த நொடியில் ராமில் உட்கார்ந்திருக்கும் பகுதியை மட்டும். 4 ஜிபி மெஷினில் இடம் பற்றாதபோது விண்டோஸ் பின்னணியில் இருக்கும் டேப்களை ஹார்ட் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். தள்ளப்பட்டது அந்தக் கணக்கில் வராது. அதனால் கடைசியாகத் தொட்ட பிரவுசர் பெரிதாகவும், ஓரமாகக் கிடப்பது சிறிதாகவும் தெரியும். நீங்கள் சொல்லும் ‘டிஸ்க் 100%’ இந்தத் தள்ளலும் இழுப்பும்தான்.

சரியாக அளக்க: டீடெய்ல்ஸ் டேபுக்குப் போய், தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, ‘கமிட் சைஸ்’ நெடுவரிசையைச் சேருங்கள். டிஸ்குக்குத் தள்ளப்பட்டதும் அதில் சேர்ந்து வரும். ஒவ்வொரு பிரவுசரிலும் எக்ஸ்டென்ஷன் இல்லாத புது புரொஃபைல், அதே எட்டுப் பக்கம், அதே வரிசை. நடுவில் மெஷினை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். பத்து நிமிடம் விட்டு, அந்த பிரவுசர் பெயரில் உள்ள எல்லா வரிகளின் கமிட் சைஸையும் கூட்டுங்கள். அப்படிக் கூட்டினால் மூன்றுக்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும்.

காரணம், மூன்றுமே ஒவ்வொரு தளத்துக்கும் தனி ப்ராசஸ் (தனி நினைவகத்தோடு ஓடும் நிரல்) திறக்கின்றன. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் நினைவகத்தைப் படிக்கக்கூடாது என்பதற்கான தடுப்பு அது. டெஸ்க்டாப் குரோமில் 2018இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2021இல். பாதுகாப்புக்கு விலை ராம். அபவுட் கான்ஃபிக்கில் (ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புப் பக்கம்) இதை அணைத்தால் வேகம் வரும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நெட்பேங்கிங் செய்யும் மெஷினில் அதைத் தொடவே வேண்டாம்.

உண்மையான வித்தியாசம் விளம்பரத்தில்தான் இருக்கிறது. செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் ஏழெட்டு வெளித்தளங்களின் விளம்பரச் சட்டகங்கள் (பக்கத்துக்குள் பக்கம்) உள்ளே வரும். ஒவ்வொன்றுக்கும் ப்ராசஸ் எழும்பும். அவற்றைத் தடுத்துவிட்டால் அந்த ப்ராசஸே பிறக்காது. முழு யூபிளாக் ஆரிஜின் ஓடுவது ஃபயர்ஃபாக்ஸில். என் தேர்வுக்குக் காரணம் இதுதான்.

காவிரிக்கரை எழுதியது:

இழைமணி சொன்னதுல பாதிக்கு மேல சரி. ஆனா எட்ஜை அவ்வளவு சுலபமா ரெண்டாம் இடத்துல வைக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

யூபிளாக் விஷயம் என்னன்னா, பழைய எக்ஸ்டென்ஷன் முறையில (மேனிஃபெஸ்ட் வி2) ஒவ்வொரு கோரிக்கையும் வெளிய போறதுக்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் கையில வரும், அது பாத்து ‘விடு’, ‘தடு’னு சொல்லும். மேனிஃபெஸ்ட் வி3ல எக்ஸ்டென்ஷன் தன் விதிப் பட்டியலை முன்கூட்டியே பிரவுசர்கிட்ட கொடுத்துடணும், தடுக்கிற வேலையை பிரவுசரே செய்யும். குரோம் 138 வரைக்கும் கம்பெனி பாலிசி மூலமா பழசை ஓட்ட முடிஞ்சது. 2025ல வந்த 139ல அந்தக் கதவும் மூடியாச்சு. அதனால ரெஜிஸ்ட்ரியில என்ன மாத்தினாலும் பழைய யூபிளாக் திரும்ப வராது, நேரத்தை வீணாக்காதீங்க.

ஆனா யூபிளாக் ஆரிஜின் லைட் இருக்கு, அதே ஆள் எழுதினது. அது பின்னணியில நிரந்தரமா ஓடாது, வடிகட்டுறதை பிரவுசரே செய்யறதால ராமும் சிபியூவும் கம்மி. 4 ஜிபி மெஷினுக்கு இது பெரிய விஷயம். குறை என்னன்னா, பட்டியல் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் அப்டேட்டோடதான் புதுசாகும். ஒரு தளம் இன்னிக்கு வழி மாத்தினா உடனே பிடிக்காது. வெறுமனே நிறுவிட்டா ‘பேசிக்’, ‘ஆப்டிமல்’, ‘கம்ப்ளீட்’ நிலைகள்ல எதுல இருக்குன்னு பாருங்க. விளம்பரம் இருந்த காலி கட்டம் பக்கத்துல மிச்சமா தெரிஞ்சா மேல் நிலைக்கு ஏத்தணும். செய்தித் தளத்துக்கு மட்டும் ஏத்தினா போதும்.

எட்ஜ்ல உடனே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ்ல ‘சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்’ போங்க. ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ அணைங்க. அது இருந்தா நீங்க எட்ஜைத் திறக்காமலே மெஷின் ஏறும்போதே எட்ஜ் ராம்ல ஏறி உக்காந்துடும். பிரவுசரை மூடின பிறகும் எக்ஸ்டென்ஷன், ஆப் எல்லாம் பின்னணியில ஓட விடுற சுவிட்சையும் அணைங்க. ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ நேரத்தை 5 நிமிஷத்துக்குக் குறைங்க, வாட்ஸ்அப் வெப்பை மட்டும் தூங்க விடாத பட்டியல்ல சேருங்க, இல்லேன்னா அறிவிப்பு வராது. புது டேப் பக்கத்துல வர்ற செய்தி ஓடையை நிறுத்துங்க. புது டேப் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது படம் இறக்கும்.

குரோம்லயும் ‘மெமரி சேவர்’ இருக்கு, செட்டிங்ஸ்ல ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம். பாட்டு ஓடுற டேப், படிவம் பாதி நிரப்பின டேப் இதையெல்லாம் அது விட்டுவைக்கும். ஆனா குரோம், எட்ஜ் ரெண்டையும் சேத்து வச்சுக்க வேண்டாம்னு சொன்னதுல நானும் இழைமணி கட்சிதான்.

இழைமணி எழுதியது:

லைட் இலகுவானது என்பதை ஏற்கிறேன், காவிரிக்கரை அண்ணா. தமிழ்ச் செய்தித் தளங்களில் தடுப்பியைக் கண்டால் பக்கத்தையே மூடும் ஸ்கிரிப்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்கான வடிகட்டிகள் நாளுக்கொரு முறை மாறுகின்றன. முழு யூபிளாக் அந்தப் பட்டியலைத் தானே இறக்கிக்கொள்ளும். அந்த ஒரு வசதிக்காகவே ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் நிற்கிறேன்.

ஃபயர்ஃபாக்ஸிலும் செய்யவேண்டியவை உண்டு. முகவரிப் பட்டியில் அபவுட் ப்ராசஸஸ் பக்கத்தைத் திறந்தால் எந்த டேப் எத்தனை எம்பி, எவ்வளவு சிபியூ என்று வரும்; வரி முடிவில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அதை மட்டும் கொல்லலாம். பதிப்பு 140 முதல் டேபில் வலது கிளிக் செய்து ‘அன்லோட் டேப்’ கொடுக்கலாம். டேப் இடத்தில் இருக்கும், ராம் விடுபடும்.

ஹார்ட் டிஸ்க் என்பதால் இன்னொன்று. திறந்திருக்கும் டேப்களின் நிலையை ஃபயர்ஃபாக்ஸ் 15 விநாடிக்கு ஒருமுறை டிஸ்கில் எழுதும். அபவுட் கான்ஃபிக்கில் ‘பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வெல்’ என்பதைத் தேடி 15000 என்பதை 60000 ஆக்குங்கள். கரன்ட் போனால் கடைசி ஒரு நிமிட டேப் மாற்றம் மட்டும் போகும், வேறு இழப்பில்லை.

இத்தனையும் செய்தாலும், ஒரு சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் மாற்றத்தில் கால்வாசிகூட இதில் வராது. பிரவுசரை மாற்றுவதற்கு முன்னால் அதற்குப் பணம் ஒதுக்க முடியுமா பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

யூடியூப் பத்தி யாரும் சொல்லலை. இந்த மெஷின்ல சூடு, விசிறிச் சத்தம், வீடியோ திக்கறது, மூணுக்கும் காரணம் அங்கதான் இருக்கு.

ஐ3-4005யு நாலாம் தலைமுறை. எச்.264, விபி9, ஏவி1 மூணும் வீடியோவைச் சுருக்கி அனுப்புற முறைகள் (கோடெக்). இந்த மெஷினோட கிராஃபிக்ஸ் எச்.264 வீடியோவை வன்பொருள்லயே விரிக்கும். விபி9 வன்பொருள்ல முழுசா வர்றது ஏழாம் தலைமுறைல, ஏவி1 பதினொண்ணாம் தலைமுறைல. ஆனா யூடியூப் பிரவுசர்கிட்ட ‘ஏவி1 ஓடுமா? விபி9 ஓடுமா?’ன்னு கேட்டா பிரவுசர் ‘ஓடும்’னு சொல்லிடும், ஏன்னா மென்பொருள் மூலமா ஓட்ட முடியும். அப்புறம் 1.7 கிகாஹெர்ட்ஸ் சிபியூ ரெண்டு கோர்ல மூச்சு வாங்கும்.

சோதிச்சுப் பாருங்க. வீடியோ மேல வலது கிளிக், ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’. கோடெக் வரியில ஏவி01ன்னு ஆரம்பிச்சா ஏவி1. விபி09ன்னா விபி9. ஏவிசி1ன்னா எச்.264, உங்களுக்கு வேண்டியது அது. பக்கத்துல ‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’ எண் ஏறிக்கிட்டே போனா சிபியூ தாங்கலைன்னு அர்த்தம்.

தீர்வு: ‘என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை’ எக்ஸ்டென்ஷன். அதுல விபி9, ஏவி1 ரெண்டையும் தடுக்கக் குறியிடுங்க. பக்கத்தை மறுபடி ஏத்தினா ஏவிசி1 வரும். ஃபயர்ஃபாக்ஸ்ல ஏவி1ஐ மட்டும் நிறுத்த ‘மீடியா.ஏவி1.எனேபிள்டு’ மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினா போதும், ஆனா அப்ப விபி9க்கு இறங்கும், அதனால எக்ஸ்டென்ஷன்தான் நல்லது. இழப்பு: எச்.264ல யூடியூப் 1080பிக்கு மேல கொடுக்காது. உங்க திரைக்கு அது தேவையும் இல்லை. இணையம் கொஞ்சம் கூடுதலா செலவாகும், மொபைல் டேட்டாவுல ஓட்டினா மனசுல வச்சுக்கங்க.

எந்த பிரவுசரா இருந்தாலும் இதைச் செஞ்சாத்தான் நியாயமா ஒப்பிட முடியும். ஒண்ணுல ஏவி1, இன்னொண்ணுல எச்.264 ஓடிட்டிருந்தா ‘இது வேகம், அது மெதுவு’ன்னு சொல்றதுல பொருளே இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

டிஎஸ்சி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிரவுசர் நேராக டோக்கனைத் தொடுவதில்லை. கணினியில் நிறுவிய கையொப்பச் சேவை ஒன்று கணினிக்குள்ளேயே உள்ள ஒரு முகவரியில் காத்திருக்கும். போர்ட்டல் பக்கம் அதனோடு பேசும். பேச்சு அறுந்தால் ‘சேவை ஓடவில்லை’ என்று பக்கம் சொல்லும். பெரும்பாலும் சேவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். தடுப்பது பிரவுசர்.

குரோம் 142 முதல், வெளித்தளம் ஒன்று உங்கள் கணினிக்குள் அல்லது வீட்டு நெட்வொர்க்குக்குள் தொடர்புகொள்ள முயன்றால் அனுமதி கேட்கும் சிறு பெட்டி வருகிறது. அதே அடித்தளத்தில் உள்ள மற்றவையும் இந்தப் பாதையில்தான். அவசரத்தில் ‘பிளாக்’ அழுத்தியவர்களுக்குப் பெட்டி மறுபடி வராது. முகவரிப் பட்டியின் இடது ஓர ஐகானை அழுத்தி, சைட் செட்டிங்ஸில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை ‘அலவ்’ ஆக்கி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அந்த போர்ட்டலுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பெட்டியைத் தனியாக வைத்திருக்கிறது. கையொப்பச் சேவையை நிறுவும்போது, பிரவுசர் அதை நம்புவதற்கான சான்றிதழ் விண்டோஸின் பெட்டியில் போய் விழும். பதிப்பு 120 முதல் ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸில் சேர்த்த சான்றிதழ்களையும் இயல்பாகவே நம்புகிறது. ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் சான்றிதழ்கள் பகுதியில் அதற்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள். டோக்கனையே ஃபயர்ஃபாக்ஸ் நேராகப் படிக்கவேண்டிய தளம் என்றால், அங்கேயே ‘செக்யூரிட்டி டிவைசஸ்’ திறந்து ‘லோட்’ கொடுத்து, டோக்கன் டிரைவர் நிறுவிய டிஎல்எல் கோப்பைக் காட்டவேண்டும். டிரைவர் 32 பிட், ஃபயர்ஃபாக்ஸ் 64 பிட் என்றால் ஏறாது.

இத்தனை சுற்றைவிட, தாக்கல் வேலைக்கு எட்ஜில் ‘தாக்கல்’ என்று ஒரு தனி புரொஃபைல் திறந்து, எந்த எக்ஸ்டென்ஷனும் போடாமல் வைப்பது மேல். கடைசித் தேதியன்று ஒரு விளம்பரத் தடுப்பி பாப்அப்பை விழுங்கிவிட்டதா என்று தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

எட்ஜை வைத்துக்கொள்ள இன்னொரு காரணம் ஐஇ மோட், அதாவது எட்ஜுக்குள்ளேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறையில் தளத்தைத் திறக்கும் வசதி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுபெற்றது. அதை மட்டுமே அறிந்த பழைய அலுவலகத் தளங்கள் இன்னும் ஓய்வுபெறவில்லை. எட்ஜ் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரவுசர்’ பக்கத்தில் ஐஇ மோடை அனுமதித்து, தள முகவரியைச் சேர்க்கலாம். 30 நாளில் அந்தப் பதிவு காலாவதியாகும், மறுபடி சேர்க்கவேண்டும்.

வடமராட்சியான் எழுதியது:

எல்லாரும் வேகத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். தமிழ் வாசிப்பதற்குத்தானே பாதி நேரம் போகிறது, அதையும் பார்ப்போம்.

பயர்பொக்ஸில் ஒவ்வொரு மொழிக்கும் தனி எழுத்துரு வைக்கலாம். செற்றிங்ஸில் ‘ஃபொன்ற்ஸ்’ பகுதியில் ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தி, மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதை நிறுவிவிட்டு இங்கே கொடுத்தால் வடிவாக இருக்கும். ஆகக் குறைந்த அளவை 15 அல்லது 16 என்று வையுங்கள். செய்தித் தளங்களின் கீழ்க்குறிப்பு எழுத்தும் வாசிக்கக்கூடியதாக வரும். ஒரு சிக்கல்: பக்கம் தன்னை ஆங்கிலப் பக்கம் என்று அறிவித்திருந்தால், உள்ளே முழுவதும் தமிழாக இருந்தாலும் அளவு லத்தீன் பிரிவில் இருந்துதான் எடுபடும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு. அதனால் லத்தீன் பிரிவிலும் அதே குறைந்த அளவைப் போடுங்கள்.

பக்கங்கள் தங்கள் எழுத்துருவைப் பாவிக்கவே கூடாது என்று குறியை எடுத்துவிட்டால், சில தளங்களில் ஐகன்கள் எல்லாம் கட்டங்களாக மாறும். அதை விட்டுவிடுங்கள்.

குரோம், எட்ஜில் குறைந்த அளவு வைக்கலாம். மொழிவாரியாகப் பிரித்துவைக்க அமைப்புப் பக்கத்தில் இடமில்லை. விண்டோஸ் 10இல் தமிழுக்கு இயல்பாக வருவது நிர்மலா யூஐ. பழைய லதா எழுத்துருதான் கண்ணுக்குப் பழக்கம் என்றால், விண்டோஸ் செற்றிங்ஸில் ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய்த் தமிழ் மேலதிக எழுத்துருக்களைச் சேர்க்கவேண்டும். அது எல்லாப் பிரவுசருக்கும் பொது.

போனுக்கு: அன்ட்ரொயிட் குரோமில் எக்ஸ்ரென்ஷன் இல்லை. அன்ட்ரொயிட் பயர்பொக்ஸில் முழு யூபிளொக் ஓடும். ஆனால் வங்கி வேலையைப் போனில் பிரவுசரில் செய்பவர் என்றால் அதற்குக் குரோமை வைத்திருங்கள். 2 ஜிபி அல்லது அதற்கு மேல் ராம் உள்ள போனில், கடவுச்சொல் இடும் தளங்களைத் தனி ப்ராசஸில் பிரித்துவைக்கும் ஏற்பாடு குரோமில் 2019இலேயே வந்துவிட்டது.

திரைவிளிம்பு எழுதியது:

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன், கோடெக் வரியில் ஏவி01 என்றுதான் இருந்தது. எக்ஸ்டென்ஷன் போட்டபின் ஏவிசி1.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, பிரேவ் பற்றி யாரும் சொல்லவில்லையே? இரண்டு, குரோமில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை எப்படி ஃபயர்ஃபாக்ஸுக்குக் கொண்டுபோவது?

காவிரிக்கரை எழுதியது:

பிரேவ் நல்ல தேர்வுதான். விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனா இல்லாம பிரவுசருக்குள்ளேயே இருக்கு, அதனால மேனிஃபெஸ்ட் வி3 அதைத் தொடாது. யூபிளாக் ஆரிஜினையே வேணும்னாலும் எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸ்ல தனியா கொடுத்திருக்காங்க. நிறுவினதும் ரிவார்ட்ஸ், வாலட் (கிரிப்டோ), லியோ (ஏஐ உதவியாளர்) மூணையும் மறைச்சுட்டா சுத்தமா இருக்கும். உங்க விஷயத்துல எட்ஜை முழுசா எடுக்க முடியாது, ஃபயர்ஃபாக்ஸும் இருக்கு, மூணாவது ஒண்ணு எதுக்குன்னு விட்டேன்.

இழைமணி எழுதியது:

பிரேவ் 2020இல் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டும்போது தன் கமிஷன் குறியீட்டைத் தானே சேர்த்தது வெளிவந்து, பிறகு நிறுத்தப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸும் குறையற்றதல்ல. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலை இயல்பாக வைப்பதற்காக வருவது. இரண்டையும் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்கவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, பிளிங்க் அல்லாத ஒரு என்ஜின் விண்டோஸில் உயிரோடு இருக்கவேண்டும் என்பது. எல்லாரும் ஒரே என்ஜினுக்குப் போய்விட்டால் எந்த எக்ஸ்டென்ஷன் ஓடலாம் என்பதை ஒரே நிறுவனம் தீர்மானிக்கும். உங்கள் யூபிளாக் அணைந்தது அதற்கு நேரடி உதாரணம்.

கடவுச்சொல் மாற்றம், வரிசையாக:

முதலில் ஃபயர்ஃபாக்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் விண்டோஸ் கணக்கில் ஓடும் எந்தத் தீய நிரலும் சேமித்ததை வாசித்துவிடும். அதை மறந்தால் மீட்க வழியில்லை, சேமித்த எல்லாம் போகும். தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

பிறகு குரோமில் பாஸ்வேர்ட் மேனேஜர், அதன் செட்டிங்ஸ், ‘எக்ஸ்போர்ட்’. ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். அது வெறும் எழுத்து. யார் திறந்தாலும் எல்லாக் கடவுச்சொல்லும் தெரியும். ஒன்டிரைவோ வேறு சிங்க்கோ எடுத்துக்கொள்ளாத ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள், டெஸ்க்டாப்பில் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் ‘பாஸ்வேர்ட்ஸ்’ பக்கத்தில் மூன்று புள்ளி மெனு, ‘இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்’. முடிந்ததும் எத்தனை சேர்ந்தது, எத்தனை பிழை என்று காட்டும். ஐந்தாறு தளத்தில் உள்நுழைந்து சரிபாருங்கள். அதன்பின் ஷிஃப்ட் + டிலீட் கொடுத்து சிஎஸ்வியை அழியுங்கள்.

குரோமில் உள்ளவற்றை அழிப்பதில் அவசரம் வேண்டாம். சிங்க் இயங்கும்போது ‘எல்லாவற்றையும் அழி’ கொடுத்தால் கூகுள் கணக்கிலிருந்தும் போகும், போனில் இருப்பதும் சேர்ந்து போகும். முதலில் போனிலும் ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, சிங்க் ஆகி, அங்கே கடவுச்சொல் வந்துவிட்டதா பாருங்கள்.

பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தின் பூட்டைத் திறந்து உள்நுழையும் முறை) வைத்திருக்கும் தளங்கள் இந்த சிஎஸ்வியில் வரவே வராது. அவற்றைக் குரோம் பட்டியலில் தனியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் உள்நுழைந்து புதிய பாஸ்கீ சேர்த்த பிறகே குரோமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.